மான்டி வால்ஷ் (1970): முதுமையின் படமா, வேலையிழப்பின் படமா?

கடிவாளம் எழுதியது:

1970-இல் வெளிவந்த ‘மான்டி வால்ஷ்’ படத்தை முதுமையைப் பற்றிய படம் என்று ஒரே சொல்லில் வகைப்படுத்திவிடும் வழக்கம் நிலைத்துவிட்டது. லீ மார்வினின் நரைத்த மீசையையும் ஜாக் பேலன்ஸின் தளர்ந்த நடையையும் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தப் படத்தில் எவரும் வயதால் வீழ்வதில்லை. ஒருவர் பின் ஒருவராக வேலையை இழக்கிறார்கள். வேலை போனபின் அவரவர் இயல்புக்கேற்ப ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் அழிகிறார்கள். வெஸ்டர்ன் எனப்படும் அமெரிக்கக் கௌபாய் படங்களில் ஆட்குறைப்பை இவ்வளவு நேராகப் பேசிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. இதைப் பற்றி விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்டியும் (மார்வின்) செட்டும் (பேலன்ஸ்) பண்ணைகளில் மாடு மேய்க்கும் கௌபாய்கள், நெடுநாள் நண்பர்கள். குளிர்காலம் கழிந்து ஹார்மனி என்ற சிற்றூருக்கு வரும்போது, தாங்கள் அறிந்திருந்த பண்ணைகள் பலவும் மூடப்பட்டு, எஞ்சியவை கிழக்கு மாநிலத்து முதலாளிகளின் நிறுவனமொன்றின் கைக்குப் போய்விட்டதை அறிகிறார்கள். பழைய பண்ணையாளரான கால் பிரென்னன் இப்போது அந்த நிறுவனத்தின் மேலாளர். அவர் இவர்களுக்கு வேலை தருகிறார்; சில காலத்துக்குப் பின், மேலிடத்து உத்தரவின்படி ஆட்களை நிறுத்த வேண்டியவரும் அவரே. ஜிம் டேவிஸ் இந்தப் பாத்திரத்தை மிகுந்த அடக்கத்தோடு நடித்திருக்கிறார். நேற்றுவரை தனக்குச் சமமாக அமர்ந்து உண்டவர்களிடம், தன் விருப்பத்துக்கு மாறான ஒரு முடிவைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருப்பவரின் கூச்சம் அவர் முகத்தில் தெரிகிறது. உத்தரவிட்டவர்கள் கதைமாந்தர்களாக வருவதே இல்லை. வில்லனைத் திரைக்கு வெளியே வைத்த இந்தத் தேர்வுதான் படத்தின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். சுட்டுத் தீர்த்துவிடக்கூடிய எதிரி ஒருவன் இருந்திருந்தால், இது வழக்கமான வெஸ்டர்னாக முடிந்திருக்கும்.

வேலையிழந்தவர்களில் ஷார்டி என்ற கௌபாய் திருட்டில் இறங்குகிறான். செட், இரும்புச் சாமான் கடை நடத்தும் ஒரு விதவையை மணந்துகொண்டு கடைக்காரராகிறார். மான்டி எதற்கும் மாற மறுக்கிறார். வேலி பார்க்கும் பணிக்குத் தள்ளப்பட்ட முதியவர் ஒருவர், தம் குதிரையைச் செங்குத்தான சரிவில் செலுத்தி உயிரை விடுகிறார். அதை விபத்து என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புல்வெளி எழுதியது:

நல்ல தொடக்கம். இந்த ஆட்குறைப்புக்குப் பின்னால் உள்ள உண்மை வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னால், படத்தின் மௌனங்கள் பலருக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சஸில் மாடு மலிவாகவும் வடக்கே இறைச்சி விலை உயர்ந்தும் இருந்தன. 1867-இல் கான்சஸின் ஆபிலீன் ரயில் நிலையத்தில் ஜோசப் மெக்காய் மாட்டுத் தொழுவங்களைக் கட்டியபோது, தெற்கிலிருந்து மந்தைகளை மாதக்கணக்கில் ஓட்டிவந்து ரயிலேற்றும் தொழில் உருவாயிற்று. கௌபாயின் பெருங்காலம் என்று நாம் நினைப்பது ஏறத்தாழ அங்கிருந்து 20 ஆண்டுகள் மட்டுமே. அதற்குள்ளாகவே 1874-இல் இல்லினாய்ஸின் டிகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிட்டன், திறந்த புல்வெளியை வேலியடைக்க வழிசெய்த முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1885-இல், உண்ணியால் பரவும் டெக்சஸ் காய்ச்சலுக்கு அஞ்சிக் கான்சஸ் மாநிலம் டெக்சஸ் மாடுகளுக்குத் தன் எல்லையை மூடியது.

இதே காலத்தில் முதலீடு பெருகியது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துப் பணத்தில் மெட்டடோர் என்ற பண்ணை நிறுவனமும், அதே நாட்டின் எடின்பரோ நகரத்துப் பணத்தில் ஸ்வான் என்ற பண்ணை நிறுவனமும் தொடங்கப்பட்டன. டெக்சஸின் வடமுனையில் எக்ஸ்ஐடி பண்ணை 30 லட்சம் ஏக்கர் பரப்பில் அமைந்தது. ஆஸ்டினில் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தைக் கட்டித் தந்ததற்கு ஈடாகச் சிகாகோ முதலாளிகள் பெற்ற நிலம் அது. அந்தப் பண்ணையின் விதிமுறைகள் ஊழியர்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையும், சீட்டாடுவதையும், மது அருந்துவதையும் தடைசெய்தன. திரைப்படங்கள் நமக்குக் காட்டிய கௌபாயின் அடையாளங்கள் யாவும், வேலைக்கு அமர்த்திய நிறுவனத்தின் பார்வையில் ஒழுங்குமீறல்களாக இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு 1886–87 குளிர்காலம் வந்தது. கோடையில் மழை பொய்த்திருந்தது. அளவுக்கு மீறிய மந்தைகள் புல்லை வேரோடு மேய்ந்துவிட்டிருந்தன. பனி பெய்தது, சற்றே உருகியது, மீண்டும் உறைந்து புல்லின்மேல் பனிக்கட்டிப் படலமாக மூடியது. குளம்பால் கிளறியும் மாடுகளால் புல்லை எட்ட முடியவில்லை. காற்றுக்கு முதுகுகாட்டி நடந்த மந்தைகள் வேலிகளில் தடுக்கப்பட்டு அங்கேயே மடிந்தன. டக்கோட்டாவில் பண்ணை வைத்திருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தம் மாடுகளில் பாதிக்கு மேல் இழந்தார். மொன்டானாவில் பணியாற்றிய இளம் கௌபாய் சார்லஸ் ரஸல், மந்தையின் நிலையைக் கேட்ட உரிமையாளருக்கு விடையாக, எலும்பும் தோலுமாகப் பனியில் நிற்கும் ஒற்றை மாட்டின் சிறு ஓவியத்தை அனுப்பச் செய்தார். அவரை ஓவியராக நாடறியச் செய்தது அந்தச் சிறு தாள்தான். ஸ்வான் நிறுவனம் 1887-இல் நொடித்தது.

பிழைத்த பண்ணைகள் மந்தையைச் சுருக்கின, வேலியடைத்தன, குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்த்தன. புல்லறுக்கவும் கம்பம் நடக் குழி தோண்டவும்தான் இனி ஆட்கள் தேவைப்பட்டார்கள். குதிரைமேல் அமர்ந்து செய்ய முடியாத வேலையை இழிவாகக் கருதிய மனிதர்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். படத்தில் வேலி பார்க்கும் முதியவரின் முடிவை இந்தப் பின்னணியோடு பார்த்தால், கடிவாளம் அவர்களின் வாசிப்பு சரியென்றே எனக்குப் படுகிறது.

எதிர்க்கரை எழுதியது:

இருவரின் பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். வேலையிழப்புதான் மையம் என்றால், அதற்கு முன் நிலையான வேலை இருந்ததாக ஆகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நல்ல காலத்திலேயே இலையுதிர்காலத்து மாடு திரட்டல் முடிந்ததும் பண்ணைகள் பெரும்பாலான கௌபாய்களை அனுப்பிவிடும். அவர்கள் குளிர்காலம் முழுவதும் பண்ணைக்குப் பண்ணை குதிரையில் போய், சில்லறை வேலை செய்து, ஒரு வேளை உணவுக்கு அடுப்பங்கரை வாசலில் நிற்பார்கள். மாதச் சம்பளம் 30 முதல் 40 டாலர். பெரும்பாலும் சேணம் மட்டுமே சொந்தம், குதிரை பண்ணையுடையது. 1883-இல் டெக்சஸின் வடமுனையில் சில பெரிய பண்ணைகளின் கௌபாய்கள் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். இவ்வளவும் அந்தக் கொடுங்குளிருக்கு முன்பே நடந்தவை.

ஆகவே மறைந்துபோன வாழ்க்கை என்று படம் ஏங்குவது எதை நோக்கி என்ற கேள்வி எழுகிறது. ஆண்கள் கூடி உறங்கும் ஓர் அறை, முரட்டு விளையாட்டுகள், ஒருவரையொருவர் கேலி செய்தபடி கழியும் மாலைகள் ஆகியவற்றைப் படத்தின் முதற்பாதி மிக இனிமையாகக் காட்டுகிறது. அந்த இனிமைக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் காட்டவில்லை. வயதாகும்வரை உழைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சாததற்குக் கிழக்கத்திய நிறுவனம் மட்டும் காரணமல்ல. பழைய பண்ணையாளர்களும் அப்படித்தான் நடத்தினார்கள். பிரென்னனின் கூச்சத்தைக் கண்டு நாம் இரங்குகிறோம். அவரே உரிமையாளராக இருந்த நாளில் தம் ஆட்களுக்கு முதுமைக்கென்று என்ன வைத்தார் என்று படம் கேட்பதே இல்லை.

கடிவாளம் எழுதியது:

இது வலுவான மறுப்பு. இதற்கு விடை சொல்லியாக வேண்டும். இலையுதிர்காலத்தில் அனுப்பப்பட்டவர் வசந்தத்தில் மீண்டும் அழைக்கப்படுவார் என்ற நம்பிக்கையின்மேல்தான் அந்த வறிய வாழ்க்கை நின்றது. உழைப்பவருக்கும் பருவத்துக்கும் இடையே இருந்த எழுதப்படாத ஒப்பந்தம் அது. படத்தில் முறிவது அந்த ஒப்பந்தமே. மான்டியும் செட்டும் குளிர்காலம் கழிந்து, வழக்கம்போல வேலை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு ஊருக்குள் வருகிற தருணத்திலிருந்து கதை தொடங்குவது தற்செயலாக இருக்க முடியாது. பண்ணையாளரின் பொறுப்பைப் பற்றி எதிர்க்கரை கேட்டிருப்பது மிக நியாயமான கேள்வி. படம் அதைக் கேட்கவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் செட் அதைக் கேட்கிறார். எவரும் காலம் முழுவதும் கௌபாயாக இருந்துவிட முடியாது என்ற பொருளில் அவர் மான்டியிடம் சொல்லும்போது, அதுவரை தாங்கள் வாழ்ந்த முறையின் கணக்கையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார்.

மாலைக்காட்சி எழுதியது:

மூவரும் ஆண்களின் வேலையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறீர்கள். இந்தப் படத்தில் வேலையிழக்கும் பெண் ஒருத்தியும் இருக்கிறாள்.

ழான் மோரோ நடித்த மார்ட்டின், மதுவிடுதியில் தொழில் செய்கிறவள், மான்டியின் நெடுநாள் காதலி, காசநோயாளி. கௌபாய்களின் சம்பளம் நின்றதும் ஹார்மனியில் அவளுக்கு வருமானம் இல்லாமல் போகிறது. வேறோர் ஊருக்குப் பெயர்கிறாள். பண்ணை நிறுவனம் ஆட்களை நிறுத்தியதன் அடுத்த விளைவு அவள்மேல் விழுகிறது. படம் இதை ஒரு வசனத்தாலும் அழுத்திச் சொல்லவில்லை, நிகழ விடுகிறது. மான்டி அவளிடம் திருமணத்தைப் பற்றிப் பேசும் காட்சியில், இருவரும் அதை விரும்புகிறார்கள், இருவருக்கும் அது நடக்காது என்று தெரிகிறது. கௌபாய் தொழிலை விட்டால்தான் கௌபாய்க்குத் திருமணம் என்பது மான்டி தாமே நம்பிய விதி. அந்த விதியைக் காப்பாற்றியதன் விலையை அவள்தான் தருகிறாள். அவர் அவளைத் தேடிப் போய்ச் சேரும்போது அவள் இறந்துவிட்டிருக்கிறாள்.

அந்தக் காட்சியில் மார்வினின் நடிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1965-இல் வெளிவந்த ‘கேட் பலூ’ படத்தின் நகைச்சுவை வேடங்களுக்காக ஆஸ்கர் பெற்றவர், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் கொடியவர்களாக நடித்தவர். அவரிடம் துயரத்துக்கான வழக்கமான முகபாவங்கள் எவையும் இல்லை. முரட்டு உடல் ஒன்று ஒரு சிறிய அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

எனினும் மோரோவின் பாத்திரத்துக்குப் படம் போதிய இடம் தரவில்லை என்ற குறை எனக்கு உண்டு. அவள் எங்கிருந்து வந்தாள், இந்த நிலப்பரப்பு அவளுக்கு என்ன என்பவற்றை அறிய விரும்பினேன். 2003-இல் டாம் செல்லெக் நடித்துத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட மறுஆக்கத்தில் இசபெல்லா ரோஸ்ஸெலினி இதே வேடத்தை ஏற்றார். அந்தப் படம் மென்மையானது, பார்க்கத் தக்கது, ஆனால் என்னை உலுக்கவில்லை.

ஒளிச்சட்டகம் எழுதியது:

படமாக்கப்பட்ட முறையைப் பற்றி இதுவரை எவரும் பேசாததால் எழுதுகிறேன். இயக்குநர் வில்லியம் ஃபிரேக்கர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். ‘புல்லிட்’, ‘ரோஸ்மேரிஸ் பேபி’ ஆகிய படங்களின் ஒளிப்பதிவு அவருடையது. அவர் இயக்கிய முதல் படம் இது. ஒளிப்பதிவை டேவிட் எம். வால்ஷிடம் ஒப்படைத்துவிட்டார். ஒளிப்பதிவாளர் இயக்கிய படமென்றால் அழகிய நிலக்காட்சிகள் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே நிலம் பெரும்பாலும் வெளிறிய பழுப்பிலும் சாம்பலிலும், தூசி படிந்த ஒளியில் கிடக்கிறது. உழைக்கும் இடமாகத்தான் அது தெரிகிறது.

எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி, மான்டி எவராலும் பழக்க முடியாத சாம்பல்நிறக் குதிரையின்மேல் ஏறுவது. மார்ட்டினைப் பிரிந்த துயரத்திலும் குடியிலும் இருக்கும் மனிதர், பார்ப்பதற்கு எவரும் இல்லாத நேரத்தில் அதன்மேல் ஏறுகிறார். துள்ளும் குதிரை ஊரின் முகப்புகளை நொறுக்கிக்கொண்டு போகிறது. தூண்கள் சாய்கின்றன, பலகைகள் சிதறுகின்றன. அவர் விழாமல் அடக்கிவிடுகிறார். வீரச் செயலாகவும் அழிவுச் செயலாகவும் ஒரே நேரத்தில் அமைந்த காட்சி அது. தமக்கு இனி இடமில்லை என்று சொல்லிவிட்ட ஊரை, தமக்குத் தெரிந்த ஒரே திறமையால் அவர் உடைக்கிறார் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

அந்தத் திறமையைக் கண்டுவிடும் காட்சிக்குழு உரிமையாளர் ஒருவர், நல்ல சம்பளத்துக்கு அவரை அழைக்கிறார். ‘டெக்சஸ் ஜாக்’ என்ற வேறொருவரின் பெயரில், மினுங்கும் உடையில், கூட்டத்தின் முன் கௌபாயாக நடிக்க வேண்டும். தம் வாழ்க்கை முழுவதன்மேலும் தாமே உமிழ்ந்துகொள்ள மாட்டேன் என்று சொல்லி மான்டி மறுத்துவிடுகிறார். கௌபாய் வித்தைகளைக் காசுக்குக் காட்டும் இத்தகைய காட்சிக்குழுக்களில் புகழ்பெற்றவர் பஃபலோ பில்; அவர் தம் குழுவை 1883-இல் தொடங்கியவர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அருகிலேயே கொட்டகை அமைத்து நடத்தினார். அதே கோடையில், அதே நகரத்தில், அமெரிக்க மேற்கின் குடியேற்ற எல்லைப்புறத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற ஆய்வுரையை வரலாற்றாய்வாளர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் வாசித்தார். தொழில் இருந்தபோது மாதம் 40 டாலருக்கு மேல் பெறாத திறமைக்கு, தொழில் மறைந்தபின் நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது. பணம் தேவைப்பட்ட ஒருவர் அதை மறுக்கும் காட்சியை மார்வின் எந்தப் பெருமிதமும் இன்றி நடித்திருப்பதுதான் அதன் சிறப்பு.

எதிர்க்கரை எழுதியது:

அந்த மறுப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் அது மான்டியைப் போன்ற ஒருவருக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய மறுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். 1885-இல் லகோட்டா பழங்குடி மக்களின் தலைவரான சிட்டிங் புல் பஃபலோ பில்லின் குழுவோடு ஒரு பருவம் பயணம் செய்தார். வாரத்துக்கு 50 டாலர் பெற்றார். ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்டு, அரசாங்கத்தின் உணவுப் பங்கீட்டை நம்பியிருந்த லகோட்டாக்கள் பலருக்கு, அந்தக் கொட்டகை வெளியே செல்வதற்கான அனுமதியாகவும் தங்கள் குதிரையேற்றத்தைத் தொடர்வதற்கான இடமாகவும் இருந்தது. அவர்களை இழிவாகப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

இதிலிருந்து பெரிய கேள்விக்கு வருகிறேன். மான்டியின் மந்தைகள் மேய்ந்த புல் யாருடையது? தோலுக்காகவும் வேறு நோக்கங்களுக்காகவும் காட்டெருமைகள் கொன்று குவிக்கப்பட்டு, 1883 அளவில் வடக்குச் சமவெளிகளின் பெருமந்தையும் அழிந்த பிறகே அந்த நிலம் மாடுகளுக்கு முற்றாகத் திறந்தது. ஒரு வாழ்க்கைமுறையைத் துடைத்தெறிந்த இடத்தில் 20 ஆண்டுகள் நடந்த தொழில், பிறகு தானும் துடைத்தெறியப்பட்டது. முதலாவதைப் பற்றி இந்தப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. மேலும், மந்தை ஓட்டிய கௌபாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. மெக்சிகோவின் வக்கேரோக்கள் என்ற மாட்டுக்காரர்களிடமிருந்தே கயிறு வீசும் முறையும் சேணத்தின் வடிவமும் வந்தன. படத்தில் கௌபாய்கள் கூடி உறங்கும் அந்த அறையில் அவர்களைத் தேடினேன். கதையின் மையத்தில் நிற்கும் எவரும் அவர்களில் ஒருவராக இல்லை. மறைந்ததைப் பற்றி எடுக்கப்பட்ட படமே சிலரை இரண்டாம் முறையாக மறைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

புல்வெளி எழுதியது:

எதிர்க்கரை சொன்னது முழுவதும் உண்மை. அதோடு மூலநாவலைப் பற்றியும் சில வரிகள் சேர்க்கிறேன். ஜாக் ஷேஃபர் 1963-இல் எழுதிய நாவல் இது. ‘ஷேன்’ எழுதியவரும் அவரே. 1953-இல் வந்த ‘ஷேன்’ படத்தில் கறுப்புக் கையுறை அணிந்த கூலிக் கொலைகாரனாக நம்மை நடுங்கவைத்த ஜாக் பேலன்ஸ்தான், இங்கே செட் என்ற கனிவான மனிதராக வருகிறார். நாவலில் செட் கொல்லப்படுவதில்லை. அவர் ஊரில் வேரூன்றி வளர்கிறார். மான்டிதான் முதலில் இறக்கிறார். படத்தில் ஷார்டி, கடையில் கொள்ளையடிக்க வந்து செட்டைச் சுடுகிறான். மான்டி பழிவாங்கப் புறப்படுகிறார். வெஸ்டர்ன் ரசிகர்களுக்குத் துப்பாக்கிச் சண்டை ஒன்று தேவை என்ற கட்டாயம் இந்த மாற்றத்துக்குள் புகுந்துவிட்டதோ என்று எனக்கு ஐயம். நாவலின் அமைதியான முடிவே பெரிது.

கடிவாளம் எழுதியது:

எதிர்க்கரை எழுதியவற்றுள் பழங்குடி மக்களின் நிலத்தைப் பற்றியும் கறுப்பின, மெக்சிக்க உழைப்பாளர்களைப் பற்றியும் உள்ள பகுதிக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. படத்தின் குறை அது. எவ்வளவு நேசித்தாலும் அதைக் குறையென்றே சொல்ல வேண்டும். மார்ட்டினைப் பற்றி மாலைக்காட்சி எழுதியது என் தொடக்கக் கருத்தை நான் செய்ததைவிட நன்றாக நிறுவுகிறது.

ஆனால் செட்டின் மரணத்தைப் பற்றி மட்டும் புல்வெளியோடு முரண்படுகிறேன். அவர் போய்ச் சேர்ந்த கடையைக் கவனியுங்கள். கிளிட்டனோடு கூட்டுச் சேர்ந்து முள்கம்பியைப் பெருந்தொழிலாக்கிய ஐசக் எல்வுட், டிகால்ப் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அந்த வருமானத்தில் பின்னாளில் டெக்சஸில் பெரும் மேய்ச்சல் பண்ணைகளையே வாங்கினார். கம்பியும் ஆணியும் விற்கும் கடைகளின் வழியாகத்தான் புதிய ஒழுங்கு அந்தச் சமவெளிக்குள் வந்தது. செட் அந்தப் பக்கம் போய்விட்டார், அதில் தவறேதும் இல்லை. அவரைத் தேடி வந்து சுடுகிறவன் கிழக்கத்திய முதலாளியின் ஆள் அல்லன். அவரோடு ஒரே அறையில் உறங்கி, ஒரே நிறுவனத்தால் வெளியே அனுப்பப்பட்டவன். மேலே எடுக்கப்பட்ட முடிவு, கீழே இருந்தவர்களை ஒருவர்மேல் ஒருவராக ஏவிவிட்டது. நாவலின் முடிவு அமைதியானது. படத்தின் முடிவு அந்த ஆட்குறைப்பின் கணக்கை இறுதிவரை கொண்டுபோகிறது.

முதுமையைப் பற்றிய கேள்விக்கும் ஷார்டியே என் விடை. மிட்செல் ரயன் நடித்த அந்தப் பாத்திரம் கிழவன் அல்லன். குதிரையைப் பழக்குவதில் அந்தப் பண்ணையிலேயே முதல்வன். வயதுதான் காரணமென்றால் அவன் தப்பியிருக்க வேண்டும். திறமை போதுமென்றாலும் அவன் தப்பியிருக்க வேண்டும். பனிக்காலத்தால் நட்டமடைந்த ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் இரண்டுக்கும் இடமில்லாததால் அவன் வெளியே போனான். தான் சுட்டு வீழ்த்திய ஷார்டியின் அருகே மான்டி சொல்வது, அந்தச் சாம்பல்நிறக் குதிரையைத் தான் அடக்கிவிட்ட செய்தி. அந்தக் குதிரையின் அருமையை முழுமையாக அறிந்து மெச்சக்கூடியவன் அவன் ஒருவனே என்பதால், அதை வேறு யாரிடமும் போய்ச் சொல்ல மான்டிக்கு வழியில்லை.